அப்டேட்டை அன்றைக்கே போடுவதா, ஆறப்போடுவதா?

போன வருடம் ஒரு ராத்திரி, மணி பதினொன்று இருக்கும். வேலூர் பாபு ராவ் தெருவில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் ஒரு லாட்ஜில் இருந்து போன். காட்பாடியில் ரயில் இறங்கி ஆட்டோவில் வந்த ஒரு குடும்பம் வரவேற்பு மேசை முன்னால் நிற்கிறது. வங்காளதேசத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். கூட வந்த பெரியவர் நிற்க முடியாமல் சுவரோரம் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பாஸ்போர்ட் விவரம் ஏற்ற வேண்டிய சிஸ்டத்தில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது. 27 சதவீதம் என்று காட்டிவிட்டு அங்கேயே நிற்கிறது. அணைக்கக் கூடாது என்று வேறு எழுதியிருக்கிறது. வேலை நேரம் எது என்று அந்த சிஸ்டத்தில் நான் குறித்து வைத்திருக்கவில்லை. அது என் பிழை.

அரை மணி நேரம் பார்த்துவிட்டு மேனேஜர் அண்ணன் நோட்டில் கையால் எழுதி, சாவியைக் கொடுத்து அனுப்பினார். வெளிநாட்டவர் வந்து தங்கினால் அவர்கள் விவரத்தை, சி ஃபாரம் என்று எங்களுக்குப் பழகிய அரசுப் படிவத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பதுதான் விதி. அதனால் சட்டச் சிக்கல் ஒன்றும் வரவில்லை. ஆனால் காலையில் நான் போனபோது அண்ணன் முகத்தில் கோபம் இறங்கவே இல்லை. "தம்பி, இந்த அப்டேட்டே நமக்கு வேணாம். மொத்தமா நிறுத்திடு" என்றார்.

நிறுத்திவிட்டு வந்தேன். வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்த சிஸ்டத்தில் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் பாஸ்போர்ட் நகல் இருக்கிறது. வைத்தியத்துக்கு ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தது. பத்து நாள் கழித்துத் திரும்பப் போய், என்னென்ன வழி இருக்கிறது, எதில் என்ன நஷ்டம் என்று அண்ணனோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். லாட்ஜ், ரத்தப் பரிசோதனை லேப், ஆடிட்டர் ஆபீஸ், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஏற்றுமதி அலுவலகம் என்று அறுபது எழுபது கம்ப்யூட்டர் என் பொறுப்பில் இருக்கின்றன. பெரிய கம்பெனிகளில் இதற்கென்று தனி ஆள் உண்டு. நாலு சிஸ்டம், பத்து சிஸ்டம் வைத்திருக்கும் இடங்களில் இந்த முடிவை யாரும் எடுப்பதில்லை, அது தானாக நடந்துவிடுகிறது. அதுதான் எனக்குக் கவலை.

பாதுகாப்பு அப்டேட் ஏன் அரைச் சோதனையோடு வருகிறது

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். மற்ற மாற்றங்களைவிட பாதுகாப்புத் திருத்தம் குறைவாகச் சோதிக்கப்படுவதற்குக் காரணம் தயாரிப்பவர்களின் அலட்சியம் அல்ல. அதன் இயல்பே அப்படி.

சாதாரண மாற்றம் என்றால் முன்கூட்டியே ஊர் முழுக்கக் கொடுத்துப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் மாதக் கடைசியில் முன்னோட்ட அப்டேட் ஒன்றை விடுகிறது. விரும்புகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம். அதில் இருந்தவைதான் அடுத்த மாதம் எல்லோருக்கும் வருகின்றன. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை அப்படிப் பொதுவில் வைக்க முடியாது. பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எங்கே மாறியிருக்கிறது என்று தெரியும். எங்கே மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. பின்கதவுத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு அப்புறம் ஆசாரிக்கு ஆள் அனுப்புகிற கதையாகிவிடும். அதனால் ரகசிய ஒப்பந்தம் போட்ட சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் முன்னதாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் அது முதல் நாளே முதல் முறைதான்.

விண்டோஸுக்கு மாற்றாகச் சிலர் பயன்படுத்தும் லினக்ஸ் பக்கமும் இதே நிலைதான். அதில் ஒரு வகையான உபுண்டுவில் சாதாரண அப்டேட்டை நூற்றுக்குப் பத்துப் பேர், அப்புறம் இருபது பேர் என்று படிப்படியாகத் திறந்துவிடுகிறார்கள். புகார் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். பாதுகாப்பு அப்டேட்டுக்கு மட்டும் அந்தப் படி கிடையாது, ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போகிறது. பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பேரைக் காக்கவைத்தால், அந்த மீதிப் பேரின் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை உலகத்துக்குக் காட்டியது போல ஆகிவிடும் அல்லவா?

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகைக்காரர்கள் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஓட்டையை அடைக்கிற அந்தச் சில வரிகளை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே ஒட்டித் தருகிறார்கள். பெரும்பாலும் புதிய பதிப்பையே தூக்கிக் கொடுப்பதில்லை. மாற்றம் சின்னதாக இருந்தால் உடையும் வாய்ப்பும் குறைவு, சோதிக்க வேண்டியதும் குறைவு. வேகமும் கெடாது. விண்டோஸ் 10 வந்த பிறகு மைக்ரோசாஃப்டின் மாத அப்டேட் ஒரே மூட்டையாகத்தான் வருகிறது. உப்பு மட்டும் போதும் என்று கடைக்குப் போனால் மாத மளிகையையே கட்டிக் கொடுக்கிறார்கள். அதில் ஒரு பொருள் ஒத்துவராவிட்டாலும் முழு மூட்டையையும் திருப்பித்தான் தர வேண்டும், உப்பும் சேர்ந்து போய்விடும்.

தாமதித்தவர்கள் பட்டதும், முந்தியவர்கள் பட்டதும்

தாமதத்தின் விலைக்கு, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற நச்சு நிரலை விடத் தெளிவான உதாரணம் கிடையாது. மைக்ரோசாஃப்ட் திருத்தத்தை வெளியிட்டது 2017 மார்ச் 14. அந்த நச்சு நிரல் உலகம் முழுக்கப் பரவியது மே 12, நம் ஊரில் கத்திரி வெயில் நேரம். நடுவில் 59 நாள். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. இங்கே நமக்கு அடுத்த சித்தூர் மாவட்டம் உட்பட ஆந்திரக் காவல்துறையின் கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 ஓடிய சிஸ்டங்கள். அதற்குத் திருத்தம் இரண்டு மாதமாகத் தயாராக இருந்தது, போட்டுக்கொள்ளத்தான் இல்லை. அதற்கு முன்னால் 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற இன்னொரு நச்சு நிரல் வந்தபோது திருத்தம் வெளியாகி ஆறு மாதம் ஆகியிருந்தது.

இதை மட்டும் கேட்டால் எல்லோரும் அன்றைக்கே போட்டுவிட வேண்டும் என்றுதான் தோன்றும். மறுபக்கத்தையும் பார்ப்போம். 2021 மார்ச் 9-ல் வந்த மாத அப்டேட்டைப் போட்ட பலருக்கு, சில வகைப் பிரிண்டர்களுக்கு பிரிண்ட் கொடுத்ததும் சிஸ்டமே நின்றுபோய் நீலத் திரை வந்தது. கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்தில் பில் அடிக்க முடியாவிட்டால் ஒரு கடைக்கு என்ன ஆகும் என்று நம் ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 15-ஆம் தேதி திருத்தம் வந்தது. அதன் பிறகும் பார்கோடும் படமும் அச்சில் சரியாக விழவில்லை என்று 18-ஆம் தேதி இன்னொன்று. 2022 ஜனவரி 11-ல் வந்ததைப் போட்ட சில சர்வர்கள் தாமாகவே மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. அதற்கான திருத்தம் 17-ஆம் தேதி வந்தது. இரண்டிலும் இடைவெளி ஆறு நாள். இந்த ஆறு நாளை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது விண்டோஸ் அப்டேட் அல்ல, க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் சின்ன ஃபைல். நம் நேரப்படி காலை 9:39-க்கு விட்டார்கள், 10:57-க்குத் திரும்ப எடுத்தார்கள். அந்த 78 நிமிடத்தில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நிரல் 21 மதிப்புகளை எதிர்பார்த்த இடத்தில் 20-தான் கொடுக்கப்பட்டிருந்தது. பிழை சின்னதுதான். அதைப் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்க்காமல் உலகத்துக்கே ஒரே மூச்சில் விட்டதுதான் பெரிய தவறு.

லினக்ஸில் அதே வருடம் மார்ச் 29-ல் வெளியான, ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இஜட் என்ற நிரலின் விவகாரம் இன்னொரு வகை. அந்த நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளிலேயே யாரோ திட்டமிட்டு, வெளியில் இருந்து ரகசியமாக நுழைய ஒரு பின்கதவு வைத்திருந்தார்கள். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் சந்தேகப்பட்டுத் தோண்டியதால் வெளிச்சத்துக்கு வந்தது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாவற்றிலும் புத்தம் புதியதை வைத்திருந்தவர்கள். டெபியனின் நிலைப் பதிப்பில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிய பதிப்பும் பாதுகாப்புத் திருத்தமும் வேறு வேறு, இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். விண்டோஸிலும் வருடத்துக்கு ஒன்றாக வருகிற பெரிய பதிப்பு மாற்றத்தைத் தாராளமாக மாதக்கணக்கில் தள்ளிப் போடலாம். 2018 அக்டோபரில் வந்த பதிப்பு சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டது. சில நாளிலேயே அதை நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மறுபடி விட்டார்கள். தள்ளிப் போட்டவர்கள் எதையும் இழக்கவில்லை.

நாலு வழி

அன்றைக்கே போடுவது முதல் வழி. வீட்டில் ஒரே லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும், கல்லூரிப் பிள்ளைகளுக்கும், பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத சின்னக் கடைகளுக்கும் இதில் யோசிக்க எதுவும் இல்லை. தானாகவே போட்டுக்கொள்ளட்டும். இவர்களுக்கு அப்டேட் உடைக்கும் ஆபத்தைவிட மறந்துபோகும் ஆபத்து பல மடங்கு பெரிது. வேலை நேரத்தை மட்டும் சரியாகக் குறித்துவைத்தால் போதும். போனுக்கும் இதே விதி.

ஒரு மாதம் ஆறப்போடுவது இரண்டாவது. விண்டோஸ் புரோவில் மாத அப்டேட்டை 30 நாள் வரை தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது. ஹோம் பதிப்பில் ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கலாம். "மத்தவங்க போட்டுப் பார்க்கட்டும் சார், நாம அப்புறம் போடுவோம்" என்று ஆடிட்டர் ஆபீஸ்களில் சொல்வார்கள். இதற்கு ஒரு பழைய ஆதாரமும் உண்டு. 2002-ல் எப்போது பேட்ச், அதாவது திருத்தம் போடுவது லாபம் என்று கணக்கிட்ட ஓர் ஆய்வு, வெளியாகி 10-ஆம் நாளும் 30-ஆம் நாளும் நல்ல தருணங்கள் என்றது. அந்தக் காலத்துக்குச் சரி. இன்றைக்கு மாத அப்டேட் பட்டியலில் சில ஓட்டைகளுக்கு நேராக, இது ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்படுகிறது என்று முதல் நாளே போட்டிருக்கிறார்கள். திருத்தம் வருவதற்கு முன்பே திருடன் உள்ளே வந்துவிட்டான் என்று அர்த்தம். அதற்கு 30 நாள் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அதைவிட முக்கியமான குறை ஒன்று இருக்கிறது. காத்திருப்பது சோதனை ஆகாது. உலகம் முழுக்க உள்ளவர்கள் போட்டுப் பார்த்தால் பொதுவான பிழைகள் வெளியே வரும், உண்மைதான். ஆனால் உங்கள் ஆபீஸில் இருக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஜிஎஸ்டிக்குக் கையெழுத்துப் போடும் டோக்கன், டேலி, வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் மெஷின் எல்லாம் சேர்ந்த கூட்டணி உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. அதில் வரும் பிழையை உங்களைத் தவிர யாரும் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார்கள். முப்பது நாள் சும்மா இருந்துவிட்டு முப்பத்தோராம் நாள் பத்து சிஸ்டத்திலும் சேர்த்துப் போட்டால், முதல் நாள் போட்டிருந்தால் வந்திருக்கும் அதே தொல்லை அன்றைக்கு வரும்.

அதனால் எனக்கு மூன்றாவது வழிதான் பிடித்தம். தேர்த் திருவிழாவுக்கு முன்னால் தேரை ஒரு சுற்று வெள்ளோட்டம் விடுவார்கள் இல்லையா? அதுபோல ஒரு சிஸ்டத்தில் முதலில் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு விடுவது. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம் ஊரில் அது ராத்திரி 10:30, அங்கே குளிர்காலம் என்றால் 11:30. ஆக, நமக்குப் புதன்கிழமை காலைதான் தொடக்கம்.

ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கும் அந்த ஏற்றுமதி அலுவலகத்தில் பதினோரு சிஸ்டம். அதில் கணக்குப் பிரிவில் உள்ள ஒன்றை வெள்ளோட்ட சிஸ்டமாக வைத்திருக்கிறோம். ஓரமாகக் கிடக்கும் காலி சிஸ்டத்தை வைத்தால் பயன் இல்லை, தினமும் ஓடுகிற ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே உட்காரும் தம்பி பொறுமைசாலி, கவனமானவர். புதன் காலை ஒன்பதரைக்கு அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்வார். பிறகு ஒரு தாளை எடுப்பார். டேலியில் ஒரு பில் போட்டு டாட் மேட்ரிக்ஸில் மூன்று காப்பியும் அடித்துப் பார்ப்பது, லேசர் பிரிண்டரில் பேக்கிங் லிஸ்ட், டோக்கனைச் செருகி ஒரு பிடிஎஃப்பில் கையெழுத்து, சர்வரில் உள்ள பொது ஃபோல்டரைத் திறந்து ஒரு எக்செல் ஃபைலைச் சேமிப்பது, ஸ்கேனரில் ஒரு தாள், வங்கித் தளத்தில் உள்ளே போய் வெளியே வருவது. ஒவ்வொன்றுக்கும் டிக். மொத்தம் இருபது நிமிடம். கடைசி டிக் போட்டதும் தாளைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஒருமுறை டோக்கனுக்கு எதிரே டிக் இல்லாமல் வந்தது. டோக்கனின் டிரைவரைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிட்டது, அரை நாள் வேலை. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் கிளம்பும் நாளில் பதினோரு சிஸ்டத்திலும் அது நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

வெள்ளோட்டம் சரியாக இருந்தால் மற்ற சிஸ்டங்களுக்கு அடுத்த புதன்கிழமைக்குள் போட்டுவிடுவோம். ஒரு வாரம். இந்த இடத்தில்தான் அந்த ஆறு நாள் வருகிறது. பெரிய பிழை இருந்தால் பெரும்பாலும் அதற்குள் ஊருக்கே தெரிந்து, திருத்தமோ மாற்று வழியோ வந்துவிடுகிறது. நம் சொந்தக் கூட்டணியின் பிழையை முதல் நாளே நாம் பார்த்துவிட்டோம். ஒரு வாரத்துக்கு மேல் காத்திருப்பதால் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை, ஆபத்து மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

போடவே போடாமல் இருப்பது நாலாவது. இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் சில இடங்களில் வேறு வழி கிடையாது. ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அனலைசர் மெஷினோடு ஒட்டிய சிஸ்டம் இன்னும் விண்டோஸ் 7-ல்தான் ஓடுகிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. மெஷினை மாற்ற லட்சக்கணக்கில் ஆகும், மென்பொருள் புதிய விண்டோஸில் ஏறாது. "தம்பி, இது நின்னா காலையில அறுபது பேரோட சர்க்கரை ரிப்போர்ட் நிக்கும், தொடாதீங்க" என்று லேபைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சொன்னார். நான் தொடவில்லை. ஆனால் அதைத் தனியாக்கினேன். இணையம் அறவே கிடையாது. மற்ற சிஸ்டங்களோடு ஒரே சுவிட்சில் இருந்ததைப் பிரித்து, ரிசல்ட் எடுக்கும் ஒரே ஒரு சிஸ்டத்தோடு மட்டும் பேசும்படி செய்தேன். பென்டிரைவ் போடும் இடங்களை அடைத்துவிட்டேன். வான்னாக்ரை பரவியது இணையம் வழியாகவும், ஒரே நெட்வொர்க்கில் இருந்த சிஸ்டங்களுக்குள்ளும் தானாகத் தாவித்தான். தாவ வழி இல்லாவிட்டால் ஓட்டை இருந்தும் ஆபத்து பெருமளவு குறையும். தனியாக்காமல் அப்டேட்டை மட்டும் நிறுத்துவது இந்த வழியில் சேராது. நான் லாட்ஜில் முதலில் செய்தது அதைத்தான், அது தப்பு.

எந்த சிஸ்டத்துக்கு எது

ஒவ்வொரு சிஸ்டத்திடமும் நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். வெளியில் இருந்து யாரால் இதைத் தொட முடியும்? இது விழுந்தால் எத்தனை நிமிடத்தில் எழுப்ப முடியும்?

முதல் கேள்விக்குப் பதில் யார் வேண்டுமானாலும் என்றால் வெள்ளோட்டத்துக்கு ஒரு நாள்தான், அதற்கு மேல் கிடையாது. ரவுட்டர், வீட்டில் இருந்து ஆபீஸ் சர்வருக்குள் வருவதற்காகத் திறந்துவைத்த வழி, இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வர் எல்லாம் இதில் அடங்கும். பிரவுசரும் அப்படித்தான், நாள் முழுக்க வெளியாரோடு பேசிக்கொண்டிருப்பது அதுதான். ஆஸ்திரேலிய அரசின் இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதலும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது. இணையத்தை நோக்கிய சர்வர்களுக்குத் தீவிர ஓட்டை என்றால் 48 மணி நேரம், மற்றபடி இரண்டு வாரம். உள்ளே இருக்கும் சாதாரண சிஸ்டங்களுக்குத் தொடக்க நிலையில் ஒரு மாதம். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏ, தாக்குதலில் உண்மையாகவே பயன்படும் ஓட்டைகளின் பட்டியல் ஒன்றை 2021 நவம்பரில் இருந்து வெளியிட்டு வருகிறது. நான் புதன் காலை அதைப் பார்ப்பேன். நம்மிடம் உள்ளது அந்தப் பட்டியலில் இருந்தால் ஒரு வாரக் கணக்கை மறந்துவிட்டு, வெள்ளோட்டம் முடிந்த அன்று மாலையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவேன்.

இரண்டாவது கேள்வியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிது. விழுந்ததைச் சீக்கிரம் எழுப்பத் தெரிந்தவன் தைரியமாகச் சீக்கிரம் போடலாம். எழுப்பத் தெரியாதவனுக்கு எத்தனை நாள் காத்திருந்தாலும் பயம்தான். க்ரவுட்ஸ்ட்ரைக் நாளில் ஃபைலைத் திரும்ப எடுத்த பிறகும் பல இடங்கள் நாள்கணக்கில் முடங்கியதற்குக் காரணம், ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முன்னாலும் ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்ததுதான். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்த சிஸ்டங்களில் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளேயே போக முடியவில்லை. இப்போது வரும் புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால் இந்தப் பூட்டு பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடுகிறது. சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். நம் கடைகளில் அந்தக் கணக்கு யாருடையது? வாங்கின அன்றைக்கு செட்டப் செய்த ஓனர் மகனுடையது, அல்லது வேலையை விட்டுப் போன பையனுடையது. இன்றைக்கே தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அப்டேட் போடுவதற்கு முந்தின நாள் ராத்திரி பேக்கப் ஓடியதா என்று பாருங்கள். போட்ட அப்டேட்டை எடுப்பது எப்படி என்று, எதுவும் உடையாத ஒரு நாளில் ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒன்றும் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முந்தின நாளே பேப்பரில் போடுகிறார்கள். அந்த நாளில் அப்டேட் பக்கமே போகக் கூடாது. யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காத இடங்கள் பல. பாதியில் கரண்ட் போய் எழுந்திருக்காமல் போன சிஸ்டங்களை நான் பார்த்திருக்கிறேன். பழி என்னவோ அப்டேட் மீதுதான் விழும்.

சரி, அந்த லாட்ஜுக்கு வருவோம். வரவேற்பில் ஒன்று, பின்னறையில் கணக்குக்கு ஒன்று, ஓனர் அறையில் ஒன்று என்று மூன்று சிஸ்டம். பின்னறை சிஸ்டம் புதன்கிழமை வெள்ளோட்டம். அதிலும் சி ஃபாரம் தளம் திறக்கிறதா, ஸ்கேனர் பாஸ்போர்ட்டை எடுக்கிறதா, ரூம் பில் அச்சாகிறதா என்று பார்க்கிறார்கள். வரவேற்பு சிஸ்டத்துக்கு அதற்குப் பிறகு வருகிற ஞாயிறு மதியம் மூன்று மணி. அந்த நேரத்தில் அறை காலி செய்கிறவர்களும் முடிந்திருப்பார்கள், ராத்திரி ரயில்காரர்களும் வந்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தைச் சொன்னது அண்ணன்தான், எனக்குத் தெரிந்திருக்காது. அப்டேட் ஓடும்போது பின்னறை சிஸ்டத்தைத் தூக்கி வரவேற்பு மேசையில் வைத்துவிடுகிறார்கள். அதே மென்பொருள், அதே ஸ்கேனர் டிரைவர் இரண்டிலும் இருக்கிறது. மூன்று சிஸ்டத்தின் மீட்புச் சாவிகளும் இரும்பு பீரோவில், பழைய வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன.

போன மாதம் அங்கே போனபோது ஞாயிறு மணி மூன்றரை. வரவேற்பில் பின்னறை சிஸ்டம் உட்கார்ந்திருந்தது. ஒரு குடும்பம் பெட்டியோடு வந்து நின்றது. அண்ணன் பாஸ்போர்ட்டை வாங்கி ஸ்கேனரில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "உள்ள இன்னும் ஓடிட்டு இருக்கு தம்பி, ஒண்ணும் அவசரம் இல்ல, டீ சாப்பிடு" என்றார்.